ஓடை இல்லாத தீவிலிருந்து ஓடைகளின் வரலாறு

புங்குடுதீவில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்று கிடையாது. பிறகு வாணர் தாம்போதிக்கு இங்கால இருக்கிற எங்களுக்கு எங்கால வரும்? மாரி மழை பெய்தால் வெள்ளம் நிக்கும், கொஞ்சம் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கும், மிச்சம் கடலுக்குப் போயிடும். எங்களுக்குத் தெரிஞ்ச தண்ணி ரெண்டுதான். ஒன்று கிணத்துத் தண்ணி, நாங்கள் அள்ளினால் வரும். மற்றது பவுசர் தண்ணி, அவை கொண்டுவந்தால் வரும்.

அதனால் கொம்பியூட்டர் படிக்கப் போய் "ஸ்ட்ரீம்" என்ற சொல்லை முதல் கேட்டபோது எங்களுக்கு ஓடை நினைவுக்கு வரவில்லை. வாளியும் கயிறும்தான் வந்தது. பிறகு அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது, அது பிழையான நினைவு இல்லை என்று தெரிந்தது. அறுபது வருசமாக இந்தத் துறையில் நடக்கிற வாக்குவாதம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: ஓட்டத்தை யார் தீர்மானிக்கிறது, ஊத்துகிறவரா, அள்ளுகிறவரா?

இந்தக் கட்டுரை அந்த வரலாறு. முடிவில் நாங்கள் வந்து சேருகிற இடம் பெங்களூரில் எழுதப்பட்ட ஒரு லைப்ரரி. வழியில் மொறட்டுவையிலும் கொஞ்சம் நிப்பம்.

முதலில், என்ன விசயம் இது?

குறிகட்டுவான் இறங்குதுறையை எடுங்கோ. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் பஸ்ஸில் வந்து இறங்குகிற சனம் அதாலதான் கடல் கடக்கும். எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கெடுக்க இரண்டு வழி இருக்கு. ஒன்று, ஆளுக்கொரு துண்டு வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டு, இரவு இருந்து எண்ணுவது. மற்றது, ஒவ்வொருவரும் படகில் கால் வைக்கிறபோதே எண்ணிக்கொண்டு போவது.

முதலாவது வழியில் பெட்டி பெருக்கும். விடை கிடைக்கிற நேரம் திருவிழா முடிஞ்சிடும். இரண்டாவது வழியில் பெட்டியே தேவையில்லை, ஒரேயொரு இலக்கம் ஞாபகத்தில் இருந்தால் காணும். "கடைசிப் பத்து நிமிசத்தில் எத்தனை பேர் ஏறினவை, இன்னொரு படகு வேணுமா" என்ற கேள்விக்கும் அந்தந்த நேரமே பதில் சொல்லலாம். தரவு வந்துகொண்டே இருக்கும்போது, முழுவதையும் சேர்த்து வைக்காமல், வரவர வேலை செய்வதுதான் ஓடைச் செயலாக்கம். வங்கிக் கொடுக்கல் வாங்கல், வெதர் கருவிகள், கைபேசியில் வருகிற வீடியோ எல்லாவற்றுக்கும் பின்னால் இதுதான் நடக்கிறது.

லைப்ரரி என்றால், ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் பாவிக்கிற நிரல்தொகுப்பு. சார்பு நிரலாக்கம் என்பதில் வருகிற "சார்பு" பள்ளிக்கூடக் கணிதத்தில் நாங்கள் வரைபு கீறின அதே சார்புதான். ஒரே பெறுமானத்தைக் கொடுத்தால் எப்பவும் ஒரே விடை. வெளியில் எதையும் மாத்தாது. சின்னச் சின்னச் சார்புகளை ஒன்றோடொன்று கோர்த்துப் பெரிய வேலையைச் செய்வது இந்த மொழிகளின் வழமை. ஹாஸ்கெல் அவற்றில் ஒன்று.

தோட்டத்துக் குழாயும் சோம்பல் மொழியும்

1964 ஒக்டோபரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டக் மக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக் குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துகிற மாதிரி நிரல்களையும் பொருத்த ஒரு வழி வேண்டும் என்பது அதன் சாரம். அது நடக்க ஒன்பது வருசம் எடுத்தது. 1973இல் கென் தொம்சன் யுனிக்ஸ் இயங்குதளத்துக்குள் "பைப்" என்பதைச் செய்து வைத்தார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகப் போகும், நடுவில் கோப்பு ஒன்றும் தேவையில்லை. இன்றைக்கும் லினக்ஸ் பாவிக்கிறவர்கள் அந்தக் குழாயைத்தான் பாவிக்கிறார்கள்.

அதே காலத்தில் கணிதப் பக்கத்தில் இருந்து இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். 1965இல் பிரித்தானியரான பீட்டர் லான்டின் தன் கட்டுரையொன்றில் "ஸ்ட்ரீம்" என்ற சொல்லைப் பாவித்தார். ஒரு பட்டியலில் இருக்கிறவை எல்லாம் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கத் தேவையில்லை, கேட்கிறபோது ஒவ்வொன்றாக உண்டானால் போதும் என்பது அவருடைய எண்ணம்.

1976இல் அந்த எண்ணம் முழு உருவம் எடுத்தது. டானியல் ஃப்ரீட்மனும் டேவிட் வைஸும் ஒரு பக்கம், பீட்டர் ஹென்டர்சனும் ஜேம்ஸ் மொரிஸும் மறுபக்கம், தனித்தனியாக ஒரே விசயத்தைச் சொன்னார்கள்: ஒரு பெறுமானம் தேவைப்படும்வரை அதைக் கணிக்காதே. இதற்குச் சோம்பல் மதிப்பீடு என்று பெயர். பெயர் சோம்பல், ஆனால் கிணத்தடியில் நிக்கிற எவருக்கும் இது விளங்கும். நாளைக்குத் தேவைப்படுகிற தண்ணியை இண்டைக்கே அள்ளி வைக்கிற ஆள் இல்லை. குடம் கேட்டால் வாளி இறங்கும். முடிவில்லாத பட்டியலைக்கூட இப்படி எழுதலாம். இயற்கை எண்கள் எல்லாம் என்று எழுதிவிட்டு முதல் பத்தை மட்டும் கேட்டால், பத்தோடு வேலை நிக்கும்.

கயிறை யார் எடுத்து வைக்கிறது?

1987 செப்டெம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நடந்த மாநாட்டில், ஆளுக்கொரு சோம்பல் மொழி வைத்திருந்த ஆய்வாளர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழி செய்வோம் என்று கூடினார்கள். 1990 ஏப்ரல் 1ஆந் திகதி ஹாஸ்கெல் மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது. தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கறியின் பெயர்தான் மொழிக்கு வைக்கப்பட்டது. 1992இல் வெளியான 1.2 பதிப்பு அறிக்கையின் ஆசிரியர் பட்டியலில் ரிஷியூர் நிகில் என்ற பெயரும் இருக்கு.

ஆரம்ப ஹாஸ்கெலில் வெளியுலகத்தோடு கதைப்பதே ஓடை வழியாகத்தான். நிரல் கேள்விகளின் ஓடையை வெளியே அனுப்பும், பதில்களின் ஓடை உள்ளே வரும். பாவிக்கச் சரியான கரைச்சல். 1996இல் வந்த 1.3 பதிப்பில் அதை விட்டுவிட்டு மொனாட் என்ற வழிக்கு மாறினார்கள். ஆனாலும் கோப்பு வாசிக்கிற இடத்தில் சோம்பல் மிஞ்சி இருந்தது. பெரிய கோப்பு ஒன்றைத் திறந்தால் முழுவதும் நினைவகத்துக்கு வராது, கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பார்க்க நல்ல வடிவு.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. கோப்பைத் திறந்தாச்சு. எப்ப மூடுவது? பிறகு தேவைப்படலாம் என்று வாளியைக் கிணத்துக்குள்ளேயே தொங்க விட்டிட்டுப் போன ஆளை யோசியுங்கோ. அவர் திரும்பி வருவாரா, வேலை முடிஞ்சுதா என்று பின்னால் நிக்கிறவருக்குத் தெரியாது. சோம்பல் வாசிப்பில் இதுதான் நடந்தது. நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறந்தால், எல்லாம் திறந்தபடி கிடந்து இயங்குதளத்தின் எல்லையைத் தாண்டிவிடும். பயந்து முதலே மூடினாலோ, ஒரு எழுத்தும் வாசிக்க முதல் கோப்பு மூடுப்பட்டுப் பிழை வரும். கணிதத்தில் பிழை இல்லை, பொறுப்பில்தான் ஓட்டை.

2008இல் ஒலெக் கிசெலியோவ் இதைத் தலைகீழாகத் திருப்பினார். அள்ளுகிறவரை ஒரு தனிப் பொருளாக எழுதுவது. ஒரு துண்டு தரவு கொடுத்தால் அவர் "இன்னும் வேணும்" என்பார், அல்லது "காணும், இந்தா விடை" என்பார். "காணும்" என்ற சொல் வெளிப்படையாக வருவதால், அந்த நொடியே கோப்பை மூடலாம். இதற்கு இட்டரேட்டி என்று பெயர். யோசனை நல்லது, எழுதுவது கடினம். 2011 கடைசியில் மைக்கல் ஸ்னொய்மன் "கொண்டுயிட்" என்ற லைப்ரரியையும், 2012இல் கப்ரியெல்லா கொன்சாலெஸ் "பைப்ஸ்" என்ற லைப்ரரியையும் கொண்டுவந்தார்கள். முதலாவது நடைமுறைக்கு லேசு, இரண்டாவது கணித விதிகளில் கறார். எது நல்லது என்று ஹாஸ்கெல்காரர் வருசக்கணக்காகக் கொழுவினார்கள்.

குடம் மாத்தாமல்

இதோடு ஒட்டி இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது, வேகம். சார்புகளைக் கோர்க்கிறபோது ஒவ்வொரு படியும் ஒரு இடைப் பட்டியலை உண்டாக்கும். வாளியில் அள்ளி, குடத்தில் ஊத்தி, குடத்தைச் சுமந்து பரலில் ஊத்துகிற மாதிரி. நேரே பரலுக்குள் ஊத்தினால் என்ன?

1988இல் பிலிப் வாட்லர் இதற்கு ஒரு வழி காட்டினார். நிரலை மொழிபெயர்க்கிற கொம்பைலரே இடைப் பட்டியல்களைக் கண்டுபிடித்து நீக்கிவிட வேண்டும். நினைவகத்தில் மரங்களாக நிக்கிற இடைத்தரவுகளை வெட்டுவதால் அதற்குக் காடழிப்பு என்று பகிடியாகப் பெயர் வைத்தார். 2007இல் டங்கன் கூட்ஸ், ரோமன் லெஷின்ஸ்கி, டொன் ஸ்டூவர்ட் மூவரும் ஓடை இணைப்பு என்ற முறையை எழுதினார்கள். ஒவ்வொரு படியையும் "இப்ப இருக்கிற நிலையைத் தா, அடுத்ததைச் சொல்லுறன்" என்கிற ஒரு சின்ன அடியாக மாற்றி வைத்தால், பத்துப் படிகளையும் கொம்பைலர் ஒரே சுழலாக உருக்கிவிடும். எழுதுகிறவருக்குப் பத்துச் சார்பு, இயந்திரத்துக்கு ஒரு சுழல்.

பவுசர் வந்தால்

இவ்வளவும் கிணத்துக் கதை. அள்ளுகிறவர் கையில்தான் கயிறு. ஆனால் உலகம் எப்பவும் அப்படி இல்லை. இறங்குதுறையில் சனம் எங்களைக் கேட்டு வருவதில்லை, பஸ் வந்தால் இறங்கும். பவுசர்காரன் வந்து குழாயைத் திறந்தால் தண்ணி வரும், எங்களிடம் எத்தனை கான் இருக்கென்று குழாய்க்குத் தெரியாது. 2009இல் மைக்ரோசொப்டில் இருந்து எரிக் மைஜர் குழுவினர் வெளியிட்ட ரியக்டிவ் எக்ஸ்டென்ஷன்ஸ் இந்தத் தள்ளுகிற வகை. நிகழ்வு நடந்தால் உன்னிடம் வரும், நீ கேட்கத் தேவையில்லை.

தள்ளுகிற வகையில் ஒரு ஆபத்து இருக்கு. கான் நிரம்பிய பிறகும் குழாய் திறந்திருந்தால் தண்ணி வீண். கொம்பியூட்டரில் அது வீணாவதோடு நிக்காது. நினைவகம் நிரம்பி நிரலே விழும். அதனால் அள்ளுகிறவர் பின்பக்கமாக ஒரு சைகை அனுப்ப வேண்டும்: "கொஞ்சம் நில்லு." இதைப் பின்னழுத்தம் என்கிறார்கள். இறங்குதுறையில் இடம் இல்லாதபோது பஸ்களைத் தாம்போதியிலேயே மறித்து வைப்பது போல. இதற்கான பொது உடன்பாடாக ரியக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் என்ற வரையறை 2015இல் வந்தது.

மொறட்டுவையும் பெங்களூரும்

இதுவரை வந்த இடங்கள் எல்லாம் அமெரிக்கா, பிரித்தானியா. எங்களுக்கும் முதலில் அப்படித்தான் பட்டது: இது அங்கத்தைய சரக்கு, நாங்கள் வாங்கிப் பாவிக்கிற ஆக்கள். பிறகுதான் "சித்தி" என்ற பெயரைக் கண்டோம்.

சித்தி என்றால் எங்களுக்கு அம்மாவின் தங்கச்சி, இல்லாட்டி சோதினையில் சித்தி. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிகழ்வுகள் என்று பொருள். மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானப் பொறியியல் துறையில் இறுதியாண்டு மாணவர்கள் செய்த செயற்றிட்டம் அது. வந்துகொண்டே இருக்கிற நிகழ்வுகளுக்குள் ஒரு கோலத்தைத் தேடிப் பிடிக்கிற இயந்திரம். 2011இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பட்டியலின் முதல் பெயர் சிறீஸ்கந்தராஜா சுகோதயன், தொடர்ந்து சிங்களப் பெயர்கள். கொழும்பில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் அதைத் தன் மென்பொருளுக்குள் எடுத்து வளர்த்தது. பிறகு உபர் நிறுவனமும் பாவித்தது. சித்தி ஜாவாவில் எழுதப்பட்டது, ஹாஸ்கெல் இல்லை. ஆனால் "கடைசிப் பத்து நிமிசத்தில் எத்தனை" என்ற எங்கட இறங்குதுறைக் கேள்வியை நேரடியாக எழுதக்கூடிய மொழி அதற்குள் இருக்கு.

ஹாஸ்கெல் பக்கத்தில் அதே மாதிரி ஒரு ஆச்சரியம் "ஸ்ட்ரீம்லி". பெங்களூரில் ஹரேந்திர குமார் 2017இல் தொடங்கினார். அவருடைய கொம்போஸ்வெல் நிறுவனம் இன்றும் அதைப் பராமரிக்கிறது. கொண்டுயிட், பைப்ஸ் காலத்துச் சண்டைகளைப் பார்த்த பிறகு வந்ததால், அது மூன்று விசயத்தை ஒரே இடத்தில் சேர்க்கப் பார்த்தது.

முதலாவது, இணைப்பு. 2007இன் ஓடை இணைப்பை அடித்தளமாக எடுத்து, படிகளை ஒரே சுழலாக உருக்கி, கையால் எழுதிய சி மொழி நிரலோடு போட்டி போடுகிற வேகத்தைக் குறியாக வைத்தது. ஆனால் அந்த முறை எல்லா இடத்துக்கும் சரிவராது. ஓடைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் ஒட்டுகிறபோது அது தள்ளாடும். அதனால் அந்த வேலைக்கு இன்னொரு உள்ளமைப்பையும் வைத்திருக்கிறார்கள். எது எங்கே பொருந்தும் என்பதைப் பாவிக்கிறவருக்கு மறைக்காமல் சொல்கிறார்கள்.

இரண்டாவது, அள்ளுகிறவருக்கு மரியாதை. ஓடை ஒரு பொருள், அதை மடித்து விடை எடுப்பது தனியான இன்னொரு பொருள். எண்ணுகிற மடிப்பு, கூட்டுகிற மடிப்பு, இரண்டையும் ஒரே வாசிப்பில் செய்கிற மடிப்பு என்று அவற்றையும் கோர்க்கலாம். ஒலெக் 2008இல் சொன்னது இங்கே கையாளக்கூடிய வடிவத்தில் வந்திட்டுது.

மூன்றாவது, ஒரே நேரத்தில் பல கை. நூறு இணையப் பக்கங்களை எடுக்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றாக எடுப்பதா, சேர்த்து எடுப்பதா என்பதை ஒரு சார்பின் பெயரை மாற்றித் தீர்மானிக்கலாம். விடைகள் கேட்ட ஒழுங்கில் வரவேண்டுமா, முடிஞ்சது முதலில் வந்தால் காணுமா என்றும் சொல்லலாம். எத்தனை கை வேலை செய்யலாம், எத்தனை குடம் வரிசையில் நிக்கலாம், என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்கெல்லாம் எல்லை வைக்கலாம். கிணறும் பவுசரும் ஒரே முற்றத்தில் என்று நாங்கள் சொல்லுவம். தொடக்கத்தில் ஒவ்வொரு விதமான ஓட்டத்துக்கும் தனித்தனி ஓடை வகை இருந்தது, புதிதாக வருகிறவர் குழம்பினார். 2023இல் வந்த 0.9 பதிப்பில் அதைச் சுருக்கி ஓடை வகையை ஒன்றாக்கினார்கள். ஆறு வருசம் பாவனையில் இருந்ததை உடைத்து எளிதாக்கத் துணிவு வேணும்.

கிணறு யாருக்கு?

எங்கட ஊரில் தண்ணி வரலாறு என்று கதைக்க வெளிக்கிட்டால் ஒரு பெயரை விட்டுவிட்டுப் போக ஏலாது. 1971இல் புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிலடி நல்ல தண்ணிக் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அள்ள உரிமை வேண்டும் என்று எழுத்தாளர் மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் இருந்தார். பொலிசார் அவரை அடித்துச் சிறையில் போட்டார்கள். இரண்டு வருசத்தில், 1973இல், அவர் போய்விட்டார். யுனிக்ஸுக்குள் குழாய் பொருத்தப்பட்ட அதே வருசம்.

ஒரு மனிதனின் உயிரையும் ஒரு மென்பொருளையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி எங்களோடு இருக்கு. தண்ணி இருந்தால் மட்டும் காணாது, கயிற்றில் யார் கை வைக்கலாம் என்பதும் கேள்வி. சித்தியும் ஸ்ட்ரீம்லியும் திறந்த மூல உரிமத்தில் இருக்கிறவை. எவரும் எடுக்கலாம், வாசிக்கலாம், திருத்தலாம், காசு இல்லை. எழுத்தில் அது எல்லாருக்குமான கிணறு. நடைமுறையில் அந்தக் கிணத்தடிக்குப் போக ஆங்கிலம் வேணும், கொம்பியூட்டர் வேணும், "இது உனக்கும்தான்" என்று சொல்ல ஒரு ஆள் வேணும். தீவில் படிக்கிற பிள்ளைக்கு முதல் இரண்டும் இப்ப கொஞ்சம் கொஞ்சமாக வருது. மூன்றாவதுதான் பிந்துது.

இந்தக் கட்டுரையை எழுதினது அதுக்குத்தான். சோம்பல் மதிப்பீடு, பின்னழுத்தம், மடிப்பு, ஓடை இணைப்பு என்று நாங்கள் இங்கே பாவித்த சொற்களில் சில நொண்டும். துலாவும் வாளியும் பாவித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கோ. இதைவிடப் பொருத்தமான சொல் அவர்களிடம் இருக்கக்கூடும். கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கோ, மாத்தி எழுதுவம்.